புதுக் கார் வாங்கப் போன சனிக்கிழமைகள்

டென்மார்க்குக்கு வந்து குடியேறிய எங்களில் பலருக்கு முதலாவது பெரிய செலவு கார்தான். வீடு வாடகைக்குக் கிடைத்துவிடுகிறது. தளபாடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கின்றன. ஆனால் யூலாந்தின் நடுப்பகுதியில், வயல்களுக்கும் பைன் மரத் தோட்டங்களுக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் சிறு பட்டினங்களில் வாழ்பவர்களுக்குக் கார் இல்லாமல் வேலை இல்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு அதிகாலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலையில் வேலை தொடங்கும். மற்றவருக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. அந்த நேரங்களுக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. ஆகவே பழைய கார் 'சூன்' எனும் வாகனப் பரிசோதனையில் தேறாமல் போனபோது வீடே கலங்கிப் போனது. திருத்துவதற்கு 19,000 குறோனர் கேட்டார்கள். பதினான்கு வயதுக் காருக்கு அவ்வளவு செலவழிப்பதா என்று இரண்டு இரவு யோசித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகப் புதுக் கார் பார்ப்பதென்று முடிவு செய்தோம்.

நாங்கள் இருப்பது பிரண்டாவுக்கு அண்மையில். அங்கிருந்து 18ஆம் இலக்க நெடுஞ்சாலையில் ஏறினால் வடக்கே ஹேர்னிங், தென்கிழக்கே வைலே. பாதையின் இரு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஹேர்னிங்கின் ஓரத்தில் கார் விற்பனை நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. வாசலில் கொடிகள், உள்ளே கண்ணாடிபோல் நிலம், இலவசக் கோப்பி, பிள்ளைகளுக்குப் படம் கீற ஒரு சின்ன மேசை. கோயிலுக்குள் போவதுபோல ஒருவித அடக்கத்துடன் உள்ளே போனோம் என்று சொன்னால் சிரிக்காதீர்கள்.

எங்களுடன் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளும் வந்தாள். டெனிஷ் அவளுக்குத் தாய்மொழிபோல. காரில் போகும்போதே அவள் எங்களுக்கு ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அப்பா, அங்க போய் விலை பேசாதேங்கோ. இஞ்ச ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. எனக்கு வெக்கமாயிருக்கும்."

எங்களுக்கும் அப்படித்தான் ஒரு எண்ணம் இருந்தது. ஊரில் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே சுப்பர் மார்க்கட்டில் ஒட்டியிருக்கும் விலையைக் கொடுத்துக் கொடுத்து, விலை என்பது கல்லில் வெட்டிய எழுத்து என்று நம்பத் தொடங்கிவிட்டோம். இந்த நம்பிக்கையை உடைத்தவர் எங்களுடன் வேலை செய்யும் ஒரு வயதான டெனிஷ்காரர். மேற்கு யூலாந்துக்காரர் என்றபடியால் அதிகம் பேசமாட்டார். கார் என்றால் அவர்களும் பேரம் பேசுவார்கள் என்றும், அதற்கு 'புருட்ட' என்றொரு சொல்லே இருக்கிறது என்றும் சொன்னார். அதை வீட்டில் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். டெனிஷில் பேரம் பேசுவதற்கும் வயிற்றுக் காற்றுப் பிரிவதற்கும் அதே சொல்தானாம்!

அந்தப் பெரியவர் சொன்ன புத்திமதி இரண்டே வசனம்: "இதுதானா உங்களது நல்ல விலை என்று ஒருமுறை கேள். பிறகு வாயை மூடிக்கொண்டிரு."

இதற்கு முன் காரின் விலை எப்படி உண்டாகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். டென்மார்க்கில் புதுக் காரின் விலைக்குள் 25 வீத 'மொம்ஸ்' வரியும், அதற்கு மேல் பதிவு வரியும் இருக்கின்றன. எங்கள் ஆட்கள் முதலில் வந்த எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்தப் பதிவு வரியின் மேல்வீதம் 180 ஆக இருந்தது. ஒரு காருக்குக் கொடுக்கும் பணத்தில் மூன்று கார் வாங்கலாம் என்று அந்த நாட்களில் எங்களவர்கள் பகிடி விடுவது அதனால்தான். 2015இல் மேல்வீதம் 150 ஆகவும், 2017இல் கீழ்வீதம் 105இலிருந்து 85 ஆகவும் குறைந்தது. 2021 முதல் அது 25, 85, 150 வீதம் என மூன்று படிகளாக இருக்கிறது. மின்சாரக் கார்களுக்குச் சலுகை உண்டு. 2024இல் இங்கு விற்பனையான புதுக் கார்களில் ஏறக்குறையப் பாதி மின்சாரக் கார்கள். நாங்கள் இருப்பது மாடி வீடு, மின்னேற்ற வசதி இல்லை. அதனால் சிறிய பெற்றோல் காரையே பார்த்தோம்.

இதிலிருந்து விளங்குவது என்னவென்றால், விலைத் தட்டியில் உள்ள பணத்தில் ஒரு பெரிய பங்கு அரசுக்குப் போகிறது. விற்பவர் விட்டுக்கொடுக்கக் கூடியது தன்னுடைய இலாபத்தில் மட்டும்தான். சந்தையில் நூறு சொன்னால் ஐம்பதுக்குக் கேட்பதுபோல் இங்கே கேட்டால் எங்களைப் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் காரின் விலையைத் தவிர வேறு மூன்று இடங்களில் பணம் ஒளிந்திருக்கிறது: பழைய காருக்குத் தரும் விலை, குளிர்கால ரயர் போன்ற மேலதிகப் பொருட்கள், கடன்.

முதற் சனிக்கிழமை ஹேர்னிங்கில் நாங்கள் பார்த்த காரின் விலை 164,900 குறோனர். விற்பனையாளர் நல்ல இளைஞர். எங்கள் பழைய காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு 18,000 தருவதாகச் சொன்னார். எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். பரிசோதனையில் தேறாத காருக்குப் பதினெட்டாயிரமா! மிச்சம் 146,900. குளிர்கால ரயர்கள் தனியாக 7,200. உடனே கையெழுத்து வைக்கலாம் என்றார். மாதம் 1,600 குறோனர் கட்டினால் போதும், கடன் பத்திரமும் அங்கேயே தயார் என்றார். 1,600 என்ற எண் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தது. நல்ல காலமாக மகளுக்குப் பசி வந்துவிட்டது. கடதாசியை எழுத்தில் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனித்தோம். ஊரில் நாங்கள் விலை படியாமல் எழும்பி நடந்தால் கடைக்காரர் பின்னால் கூப்பிடுவார். "சரி, வாங்கோ வாங்கோ" என்பார். டெனிஷ்காரர் கூப்பிட மாட்டார். "நல்ல வார இறுதி" என்று வாழ்த்திக் கதவைத் திறந்துவிடுவார். அதைக் கோபம் என்று நினைக்க வேண்டாம். யோசிப்பதற்கு எங்களுக்கு நேரம் தருகிறார், அவ்வளவுதான். அடுத்த கிழமை திரும்பிப் போனாலும் அதே முகத்துடன் கோப்பி தருவார்.

அடுத்த சனிக்கிழமை வைலேக்குப் போனோம். அதே கார், அதே 164,900. இந்தத் தடவை அந்தப் பெரியவர் சொன்னபடி ஒருமுறை கேட்டுவிட்டு மௌனமாக இருந்தோம். அந்த மௌனம் எங்களுக்குப் பெரிய வேதனை. மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்பனையாளர் கம்பியூட்டரைத் தட்டினார், யன்னலைப் பார்த்தார், பிறகு 160,000 என்றார். குளிர்கால ரயர்களும் அதற்குள் அடக்கம். ஆனால் பழைய காருக்கு 12,000 மட்டும்.

இரவு சாப்பாட்டு மேசையில் இரண்டு கடதாசிகளையும் வைத்துக் கணக்குப் பார்த்தோம். ஹேர்னிங்கில் கொடுக்க வேண்டியது 146,900. வைலேயில் 148,000. மேலோட்டமாகப் பார்த்தால் ஹேர்னிங் 1,100 மலிவு. ஆனால் ஹேர்னிங் கணக்கில் ரயர் இல்லை. அதைச் சேர்த்தால் 154,100. உண்மையில் வைலேதான் 6,100 குறோனர் மலிவு! பழைய காருக்குக் கூடத் தருவதாகச் சொன்ன பணத்தில் எங்கள் கண் மயங்கிவிட்டது. உதவாத காருக்குக் கூடிய விலை தந்தால், புதுக் காரின் விலையில் குறைத்திருக்க வேண்டியதைத்தான் அங்கே காட்டுகிறார்கள் என்று கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: எல்லாப் பொருளும் சேர்ந்து, பழைய காரும் கழிந்து, எங்கள் கையால் போகும் மிச்சத் தொகை எவ்வளவு?

மூன்றாவது சனிக்கிழமை ஹேர்னிங்குக்கே திரும்பினோம். சேர்விஸுக்குக் கிட்ட என்பதால் அங்கே வாங்கத்தான் விருப்பம். வைலேக் கடதாசியை மேசையில் வைத்தோம். மகள் தானாகவே டெனிஷில் சொன்னாள்: "இவர்கள் உங்களிடம் வாங்க விரும்புகிறார்கள். ஆனால் இந்த விலைக்கு." இளைஞர் உள்ளே போய்த் தன் மேலாளருடன் கதைத்துவிட்டு வந்தார். ரயர்கள், கால்விரிப்புகள் எல்லாம் சேர்த்து, பழைய காரும் கழித்து, 147,500 என்றார். முதல் நாள் கையெழுத்து வைத்திருந்தால் போயிருக்கும் பணத்தில் 6,600 மிச்சம்.

அத்துடன் கதை முடியவில்லை. உண்மையான பணம் கடனில்தான் இருந்தது. எங்கள் கையில் 37,500 இருந்தது. மிச்சம் 110,000 கடன். அங்கே சொன்ன மாதம் 1,600 என்பது எட்டு வருடத்துக்கு. 96 மாதம் கட்டினால் 153,600. அதாவது 43,600 குறோனர் வட்டியும் செலவும். எங்கள் வங்கியில் கேட்டபோது ஐந்து வருடத்துக்கு மாதம் 2,130. 60 மாதத்தில் 127,800. மேலதிகம் 17,800 மட்டும். இரண்டுக்கும் இடையில் 25,800 குறோனர் வித்தியாசம்! மூன்று சனிக்கிழமை அலைந்து 6,600 மிச்சம் பிடித்துவிட்டு, ஒரு கையெழுத்தில் அதைப்போல் நான்கு மடங்கை இழக்க இருந்தோம். மாதம் 530 கூடக் கட்ட வேண்டும் என்பது உண்மை. அதற்காக மாலை வேலையில் இரண்டு நாள் கூட எடுத்தோம். கடன் கேட்கும்போது மாதத் தொகையைக் கேட்காதீர்கள். 'ஓ-ஓ-பே' எவ்வளவு என்றும், கடைசியில் மொத்தமாக எவ்வளவு கட்டுவேன் என்றும் கேளுங்கள். 'ஓ-ஓ-பே' என்பது வட்டியும் எல்லாச் செலவும் சேர்ந்த வருட வீதம். அதை எழுத்தில் தருவது அவர்கள் கடமை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னும் சில விடயங்கள்:

விற்பனை நிலையத்தில் வைத்துக் கையெழுத்திட்டால் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்ட உரிமை இல்லை. கடன் ஒப்பந்தத்துக்கு 14 நாள் உண்டு. காருக்கு இல்லை. ஆகவே விளங்காத கடதாசியை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள்.

பழைய கார் வாங்குபவர்கள், அந்தக் காரின் மேல் கடன் இருக்கிறதா என்று 'பீல்போவன்' எனப்படும் பதிவேட்டில் கட்டாயம் பாருங்கள். முன்னைய சொந்தக்காரரின் கடனுக்காக உங்கள் கார் போகக்கூடும். விற்பனை நிலையத்தில் வாங்கினால், பழைய காராயினும், வாங்கும்போதே இருந்த குறைபாட்டுக்கு இரண்டு வருடம் முறையிடலாம். 2022 முதல், முதலாவது வருடத்துக்குள் தெரியவரும் குறைபாடு முன்பே இருந்ததல்ல என்று காட்ட வேண்டியவர் விற்றவர்தான். 1924 முதல் இயங்கும் எப்.டி.எம். என்ற வாகன உரிமையாளர் சங்கத்திலும் பணம் கட்டிக் காரைப் பரிசோதிப்பிக்கலாம்.

மஞ்சள் இலக்கத்தகடு போட்ட வான் மலிவு என்று ஓடிப்போய் வாங்க வேண்டாம். அதற்கு வரி குறைவு, ஏனென்றால் அது தொழிலுக்குரியது. தனிப்பட்ட பாவனைக்குரிய வரியைக் கட்டாமல் அதில் குடும்பத்தை ஏற்றித் திரிந்தால் தண்டப்பணம் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. மகள் நன்றாகத்தான் மொழிபெயர்த்தாள். ஆனால் கடன் பத்திரம் வந்தபோது அவளை நாங்கள் வெளியே அனுப்பிவிட்டு, வங்கியில் மெதுவாகப் பேசும்படி கேட்டு எங்கள் உடைந்த டெனிஷிலேயே கதைத்தோம். பெற்றோரின் கடனைப் பிள்ளையின் வாயால் பேசவைப்பது சரியல்ல என்று எங்களுக்குப் பட்டது.

கார் கைக்கு வந்த வெள்ளிக்கிழமை நேரே பிரண்டா அபிராமி அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். நாலு சில்லுக்கும் நாலு எலுமிச்சம்பழம், ஒரு தேங்காய், கொஞ்சம் சந்தனம். அங்கே வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவுக்கு எடுத்தனீங்கள்?"

எங்கள் ஆட்களுக்கு இதற்கு உண்மை சொல்லும் வழக்கம் இல்லை. மலிவாக வாங்கியவர் கூட்டிச் சொல்வார், ஏமாந்தவர் குறைத்துச் சொல்வார். வெட்கத்தாலும் பெருமையாலும் நாங்கள் மறைக்கும் இந்த எண்கள், பின்னால் வரும் குடும்பத்துக்கு ஆயிரக்கணக்கில் நட்டமாக முடிகிறது. அதனால்தான் எங்கள் கணக்கை இங்கே ஒளிவுமறைவின்றி எழுதினோம். மூன்று விலைக் கடதாசிகளும், இரண்டு கடன் கணக்குகளும் எங்கள் வீட்டு லாச்சிக்குள் இருக்கின்றன. கார் வாங்க நினைப்பவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம். தேத்தண்ணியும் உண்டு.