அடியில் மறைந்த ஏடுகள்

நம் பங்கின் ஞானஸ்நானப் புத்தகங்களைக் கறையான் தீண்டத் தொடங்கியதைச் சென்ற மழைக்காலத்தில் கண்டு கலங்கினோம். ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பங்குக்குரு ஏட்டில் எழுதி வைக்க வேண்டுமென்று 1563இல் திரிதெந்தின் சங்கம் விதித்தது. பழைய ஏடுகளைக் கருத்தாய்ப் பேணுமாறு 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் இலக்கமும் பணிக்கிறது. ஆகவே பக்கம் பக்கமாய்ப் படமெடுத்துக் காக்க முற்பட்டோம். உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெரி பை 4 என்னும் கணினியைக் குருமனை அலமாரியில் இருத்தி, ஹார்ட் டிஸ்க் ஒன்றை யு.எஸ்.பி. கம்பியால் அதனுடன் பிணைத்தோம். தொல்லையின்றிச் சில மாதங்கள் கழிந்தன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவுமே என இரண்டாவது டிஸ்க்கையும் சேர்த்தோம். முன்மதி என்று நாம் எண்ணிய அதுவே தொல்லைக்கு வாயிலாயிற்று.

டிஸ்க்குகள் திடீரென அறுபட்டன, மீண்டும் தோன்றின. கம்பியைப் பிடுங்கிச் செருகுவதும், கணினியை அணைத்து ஏற்றுவதுமே நாம் அறிந்த வைத்தியம்!

அந்நாட்களில் தாய் ஒருவர் மகளின் ஞானஸ்நானச் சான்று வேண்டி வந்தார். வரும் ஞாயிறன்று முதல் ஓலை வாசிக்க வேண்டும். அப்பெண்ணின் பெயர் இருந்த ஏட்டைக் கறையான் அரித்திருந்தது. படத்தை நம்பி டிஸ்க்கைத் திறந்தால், மூன்று மாத உழைப்பைக் காணோம்.

“பிள்ளை பேரு இல்லையா சாமி?” என்றார் அந்தத் தாய். நாம் விடை கூற இயலாது நின்றோம்.

முன்பு பீடச்சிறுவனாயிருந்து, இன்று பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவரை வரவழைத்தோம். “கம்பியத் தொடாதீங்க சாமி. அது எழுதி வச்சிருக்கிறத முதல்ல வாசிப்போம்” என்றார். ‘டிமெஸ்க்’ என்று தட்டினார். மின்னழுத்தம் குறைந்ததும், டிஸ்க் அறுபட்டதும் நேரத்தோடு அங்கே பதிவாகியிருந்தன. அக்கணினியின் நான்கு யு.எஸ்.பி. வாய்களும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் வழங்கும். தகடு சுழலும் டிஸ்க் ஒன்றே சுழலத் தொடங்குகையில் ஏறத்தாழ 1 ஆம்பியர் கேட்கக்கூடும். ஆகவே குற்றம் கணினியினுடையதன்று; கணக்குப் பாராத நம்முடையதே. தனி மின்னிணைப்புடைய யு.எஸ்.பி. ஹப் ஒன்றை வாங்கியதும் அக்குறை தீர்ந்தது.

ஏடுகள் எங்கே? லினக்ஸில் டிஸ்க்கை வெறுமையான ஃபோல்டர் ஒன்றின்மீது ஏற்றுவது வழக்கம். அறுபட்டு மீண்ட டிஸ்க், ‘எஸ்.டி.ஏ.’ என்னும் பழைய பெயரை இழந்து வேறு பெயரோடு வந்தது. நாம் பழைய பெயரையே குறித்திருந்தமையால் அது ஏறவில்லை. அந்நாட்களில் சேமித்தவை யாவும் அந்த ஃபோல்டரில், அதாவது கணினியின் சிறு மெமரி கார்டில் விழுந்தன. கணினியை அணைத்து ஏற்றியபோது டிஸ்க் மீண்டும் அதன்மேல் ஏறி, அவற்றை மூடிவிட்டது. தரையில் கிடந்த காகிதத்தின்மேல் பாய் விரித்தாற்போல!

இளைஞர் டிஸ்க்கை இறக்கினார். ஏடுகள் அனைத்தும் அங்கே இருந்தன. முதல் வேலையாக அவற்றைப் பிரதி எடுத்தார். பின்னர் பெயருக்குப் பதிலாக, ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய, மாறாத யு.யு.ஐ.டி. எண்ணைக் குறித்தார். டிஸ்க் ஏறியிருந்தாலன்றிச் சேமிக்காதவாறு கட்டளை ஒன்றையும் அமைத்தார். புதுநன்மைப் படங்களை இவ்வாறு வீட்டில் வைத்திருப்போர் இம்மூன்றையும் இன்றே பார்த்துக்கொள்வது நலம்.

சனிக்கிழமை இரவு சான்றில் முத்திரையிட்டோம். மறுநாள் இரண்டாம் பூசையில் ஓலை வாசிக்கையில், அந்தத் தாய் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.