நான்கு மாதம்

சென்ற ஆண்டு சிங்கப்பூரில் என் பெரியப்பா நோய்வாய்ப்பட்டார். "பிள்ளையைப் பார்க்கணும்" என்றார் அப்பத்தா. விசாவுக்கு மனுச் செய்யப் போன இடத்தில்தான், பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாத ஆயுளேனும் மீதமிருக்க வேண்டும் என்று தெரிந்தது. அப்பத்தாவுடையதில் நான்கே மாதம். நாங்களோ காலாவதியாகவில்லை என்று நிம்மதியாக இருந்தோம்! புதியது வர ஒரு மாதம் ஓடிற்று.

அதன்பின் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டேன். சிங்கப்பூர் வருகை அட்டையை, இறங்குமுன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணமில்லை. பாலம் தாண்டி ஜொகூர் அத்தை வீட்டுக்குப் போவதானால் மலேசியாவுக்குத் தனி அட்டை. சிகரெட் ஒன்றே ஆனாலும் சிங்கப்பூரில் தீர்வை உண்டு; மெல்லும் புகையிலைக்கோ தடை. அப்பத்தாவின் சுருக்குப்பையைத் திருச்சியிலேயே காலி செய்தேன், முறைத்தார்.

போய்ச் சேர்ந்தபோது பெரியப்பாவுக்குப் பேச்சில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பத்தா, "நாலு மாசம் இருந்துச்சுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.