தராசு முள்

திருப்பலி இலத்தீன் மொழியில் நிறைவேற்றப்பட்ட காலத்தில் நான் பூசைக்கு உதவி செய்யும் சிறுவனாக இருந்தேன். பொருள் தெரியாமலே மறுமொழிகளை மனப்பாடமாகச் சொல்லுவேன். மணியடிக்க வேண்டிய இடத்தில் மணியடிப்பேன். அந்நாள்களில் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டேன். அந்தத் தவறும் என்னோடு சேர்ந்தே முதுமை எய்தியது.

எங்கள் தந்தை மளிகைக் கடை வைத்திருந்தார். 1958இல் மெட்ரிக் அளவுகள் நம் நாட்டில் நடைமுறைக்கு வரத் தொடங்கியபின், பழைய எடைக்கற்கள் கடையின் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றுள் ஒரு பவுண்டுக் கல்லில் ‘எல்’, ‘பி’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. பவுண்டு என்னும் சொல்லில் அவ்விரு எழுத்துகளும் இல்லையே என்று பங்குச் சுவாமியாரிடம் கேட்டேன். “அது லீப்ரா என்பதன் சுருக்கம். இலத்தீனில் தராசுக்கும் அதுவே பெயர், பவுண்டு எடைக்கும் அதுவே பெயர்” என்றார்.

சில நாள்களில் ஓர் அடக்கப் பூசை வந்தது. சவப்பெட்டியின் அருகில் நின்று சுவாமியார் ‘லீபெரா மே’ என்று பாடத் தொடங்கினார். மளிகைக் கடைக்காரர் மகனின் காதில் அது ‘லீப்ரா’ என்றே விழுந்தது. ‘ஆண்டவரே, என்னைத் தராசில் வையும்’ என்று இறந்தவர் மன்றாடுவதாக எண்ணி நடுங்கினேன். ‘என்னை விடுவித்தருளும்’ என்பதே அதன் பொருள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

பணி ஓய்வுக்குப் பின், இளங்குருமடத்தில் நெடுங்காலம் இலத்தீன் கற்பித்த முதிய குரு ஒருவரிடம் மாலை வேளைகளில் சென்று அமரும் வாய்ப்புக் கிடைத்தது. தராசின் கதையைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். அன்று முதல் எடை, அளவு பற்றிய சொற்களே எங்கள் பாடமாயின.

உரோமையரின் லீப்ரா இன்றைய கணக்கில் ஏறத்தாழ 327 கிராம். அதன் 12 பங்கில் ஒன்று ‘ஊன்சியா’. எடையில் பன்னிரண்டில் ஒன்றாகிய அதுவே பிற்காலத்தில் அவுன்சு ஆயிற்று. அடியில் பன்னிரண்டில் ஒன்றாக இருந்து அங்குலத்தைக் குறிக்கும் ‘இஞ்சு’ம் ஆயிற்று. ஊன்சியாவின் 24 பங்கில் ஒன்று ‘ஸ்குரூபுலும்’. ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான எடை அது. அதனோடு ஒட்டிப் பிறந்த ‘ஸ்குரூபுலுஸ்’ என்னும் சொல் கூர்மையான சிறு கல்லைக் குறிக்கும். செருப்புக்குள் புகுந்த பருக்கைக்கல் நடப்பவனை விடாமல் உறுத்துவது போல, மனத்தை உறுத்தும் ஓயாத ஐயத்துக்கும் அதுவே பெயராயிற்று. புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இந்த நோயால் பெரிதும் வதைபட்டார். அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டும் அவருக்கு அமைதி கிடைக்கவில்லை.

மற்றொரு மாலையில் ‘பெந்தெரே’ என்னும் சொல்லைப் பார்த்தோம். நிறுத்தல், செலுத்துதல் ஆகிய இரண்டுக்கும் இலத்தீனில் இந்த ஒரே சொல். நாணயம் தோன்றுமுன் உரோமையர் வெண்கலத்தை நிறுத்தே விலை கொடுத்தனர். நாணயம் வந்த பின்னரும், நிலம் முதலிய சொத்துகள் கைமாறும் சடங்கில் ஐந்து சாட்சிகளோடு, தராசைப் பிடிப்பதற்கென்றே ஒருவரும் நின்றார். இதே வேரிலிருந்து, எண்ணுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் பிறந்தது. நாமும் ஒன்றைச் ‘சீர்தூக்கிப்’ பார்ப்பதாகச் சொல்லுகிறோம் அல்லவா? “நீங்கள் மாதந்தோறும் வாங்கும் பென்ஷனும் இந்த வேரில் முளைத்ததுதான். நிறுத்துத் தரப்பட்டது என்று பொருள்” என்றார் குரு.

அந்தச் சொல் என்னைக் குத்தியது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

தந்தையின் மறைவுக்குப் பின், அவர் விருப்பப்படியே கடையும் வீடும் என் தம்பிக்குச் சென்றன. மூத்தவனாகிய எனக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கருதினேன். பதினான்கு ஆண்டுகள் தம்பியோடு பேசவில்லை. அவன் மகளின் திருமணத்துக்கும் செல்லவில்லை. ஆண்டுதோறும் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனம் பெற்றேன். பொறுமை இழந்ததை, செபத்தில் பராக்காய் இருந்ததை எல்லாம் கவனமாக எண்ணிச் சொன்னேன். ஸ்குரூபுலும் எடையுள்ள பாவங்கள் தவறாமல் தட்டில் ஏறின. தம்பியைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குற்றம் அவனுடையது; அதை நான் ஏன் அறிக்கையிட வேண்டும்?

குருவிடம் இதை ஒருநாள் தயங்கியபடியே சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. “இரவில் ஆன்ம சோதனை செய்கிறீர்களே, அதற்கு இலத்தீனில் என்ன பெயர்?” என்று கேட்டார். “எக்சாமென்” என்றேன். “அந்தச் சொல்லுக்குத் தராசின் முள் என்றும் பொருள் உண்டு” என்றார்.

சோதனை என்றால் கேள்வியும் மதிப்பெண்ணும் என்றே நான் எண்ணியிருந்தேன். அவர் தொடர்ந்தார்: “முள்ளுக்கு விருப்பு வெறுப்பு இல்லை. தட்டில் இருப்பதை அது காட்டும். ஆனால் தட்டுகள் வெறுமையாய் இருக்கும்போதே முள் நேராக நிற்கிறதா என்று உங்கள் அப்பா பார்த்திருப்பாரே?”

பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நாள் காலையிலும் முதல் வேலையாக வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கும்வரை காத்திருப்பார். எண்ணெய் வாங்க யாராவது பாத்திரம் கொண்டுவந்தால், முதலில் பாத்திரத்தின் எடைக்குத் தடை கட்டிவிட்டே எண்ணெய் ஊற்றுவார்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. பதினான்கு ஆண்டுகளாக நான் பிடித்திருந்த தராசை வெறுமையாகத் தூக்கிப் பார்த்தேன். முள் முதலிலேயே என் பக்கம் சாய்ந்திருந்தது. தம்பியின் தட்டில் கடையையும் வீட்டையும் வைத்த நான், என் தட்டில் எதையெல்லாம் வைக்க மறந்தேன்! நான் கல்லூரிக்குப் போனபோது கடையில் நிற்க ஆள் வேண்டும் என்று எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் அவன். என் கட்டணம் அந்தக் கடையின் கல்லாவிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்த தந்தையை ஆறு ஆண்டுகள் தூக்கி உட்கார வைத்தவன் அவன். விடுமுறைக்கு வந்து பார்த்துச் சென்றவன் நான். என் கையில் மாதந்தோறும் பென்ஷன் இருக்கிறது. அவனுக்கு யார் நிறுத்துத் தருவார்? நிறுப்பவனே செலுத்தவும் வேண்டும் என்று அந்தப் பழைய சொல் சொல்லுகிறது. நான் நிறுத்துக்கொண்டே இருந்தேன்; செலுத்தவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குச் சென்றேன். கடையில் மின்னணுத் தராசு இருந்தது. தம்பி சற்று நேரம் என்னைப் பார்த்தான். பிறகு, “வாங்கண்ணே” என்று முக்காலியை எடுத்துப் போட்டான். எண்ணெய் வாங்க ஒரு பெண் வந்தார். தம்பி பாத்திரத்தைத் தராசில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினான். எண் பூச்சியத்துக்கு வந்தது. பிறகு எண்ணெயை ஊற்றினான். தந்தை கட்டிய தடைதான் அது.

அந்தப் பெண் சென்றதும், “உனக்கு நான்தான் பாக்கி வச்சிருக்கேன் தம்பி” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தான். “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று மட்டும் சொன்னான்.

6ஆம் நூற்றாண்டில் வெனான்சியுஸ் பொர்த்துனாத்துஸ் என்னும் ஆயர் இயற்றிய ‘வெக்சில்லா ரேஜிஸ்’ என்ற பாடல், சிலுவையை ஒரு தராசாகக் காட்டுகிறது. உலகின் மீட்பு விலை அதில் தொங்குகிறது. அங்கே நிறுக்கப்பட்டவரே விலையையும் செலுத்தினார். லீப்ராவும் லீபெராவும் வேரால் உறவில்லாத சொற்கள் என்று குரு எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆயினும் சிலுவையடியில் அவை இரண்டும் கைகோக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. அன்று சவப்பெட்டியின் அருகில் நடுங்கிய சிறுவனிடம், ‘அஞ்சாதே, அந்தத் தராசே உன்னை விடுவிக்கும்’ என்று இன்று சொல்லுவேன்.

அன்பர்களே, இன்றிரவு ஆன்ம சோதனைக்கு அமரும்போது, பிறர் குறைகளைத் தட்டில் வைக்குமுன் வெறும் தராசை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?