மாடியறையும் மௌனமும்

உங்கள் இல்லத்திலும் ஓர் அறை இப்பொழுது அலுவலகமாகியிருக்கக்கூடும். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் ஊர்களையெல்லாம் அடைத்துப் போட்டபோது பரவிய வழக்கம், நோய் தணிந்த பின்னரும் பல நிறுவனங்களில் நிலைத்துவிட்டது. மகளோ மருமகனோ கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் அமர்ந்திருக்க, உடன் உழைப்போர் வேறு வேறு ஊர்களில் இருக்கின்றனர். ஒருவரையொருவர் நேரில் காணாத இவர்களை ஊக்கம் குன்றாமல், புதிதாகச் சிந்திக்கும் மனத்தோடு வைத்திருப்பது எப்படி? இது முதலாளிமாரின் கவலை மட்டுமன்று. அந்த அறையின் நிம்மதியும் நிம்மதியின்மையும் நம் சாப்பாட்டு விரிப்பு வரை வந்து சேர்கின்றனவே!

காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியறையிலும் இப்படியொரு வேலை நடக்கிறது. என் இளைய மகள் அறுவர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பாளர். மூவர் சென்னையில், இருவர் கோவையில், ஒருவர் மங்களூரில். சென்ற ஆண்டு நிறுவனம் ஓர் ஆணை பிறப்பித்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவர் கணினித் திரையும் தானாகவே படமெடுக்கப்படுமாம். விசைப்பலகை ஓய்ந்திருந்த நேரம் கணக்கில் ஏறுமாம். அதன் பின் வேலையின் அளவு குறையவில்லை. ஆனால், "இதை வேறு விதமாகச் செய்து பார்த்தால் என்ன?" என்று கேட்டு வந்தவர்கள் வாய்மூடிப் போனார்கள். "சொன்னதை மட்டும் செய்கிறார்கள் உம்மா" என்று மகள் வருந்தினாள். வேலையையே விட்டுவிடலாமா என்றும் எண்ணத் தொடங்கினாள்.

இதில் வியப்பென்ன? அடுக்களை வாசலில் ஒருவர் கண்கொட்டாமல் நின்றுகொண்டிருந்தால், நம்மில் எவருக்குப் புதிதாக ஒன்றைச் சமைத்துப் பார்க்கத் துணிவு வரும்? பழகிய ஆணத்தையே காய்ச்சி இறக்கி வைப்போம். புதியது பிறக்க வேண்டுமானால் கொஞ்சம் வீணாகவும் வேண்டும். படமெடுக்கும் பொறிக்கு அந்த வீண் மட்டுமே தெரிகிறது.

இந்தச் சிக்கல் நேற்று முளைத்ததன்று. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி, 1939இல் ஐந்து வயது அகதிச் சிறுமியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தவர் ஸ்டெஃபனி ஷெர்லி. இவர் 1962இல் ஆறு பவுன் முதலீட்டில், தம் வீட்டிலேயே ஒரு மென்பொருள் நிறுவனம் தொடங்கினார். திருமணத்தாலும் குழந்தைப்பேற்றாலும் வேலையை விட்டிருந்த பெண்களைத் தேடிச் சேர்த்தார். முதல் முந்நூறு பேரில் ஆண்கள் மூவரே! வேலை கேட்டு வருவோரிடம், உங்களுக்குத் தொலைபேசி வசதி உண்டா என்று விசாரிப்பாராம். அவரவர் வீட்டில் தாளும் பென்சிலுமாக நிரல் எழுதித் தபாலில் அனுப்ப, வேறிடத்தில் அதை அட்டைகளில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுப்பார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்கள் இவ்வாறு வீடுகளில் உருவானவையே.

தம் பெயரில் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வராமையால் "ஸ்டீவ்" என்று ஆண்பெயரில் கையொப்பமிட்டார் என்பதும், குழந்தைகளின் இரைச்சலை மறைக்கத் தொலைபேசியருகே தட்டச்சு ஓசை பதிந்த ஒலிநாடாவை ஓடவிட்டார் என்பதும் பலரும் சுவைத்துச் சொல்லும் செய்திகள். என் மனத்தைத் தொட்டது வேறு. இன்ன வேலை, இன்ன தொகை என்று முன்கூட்டியே விலை பேசினார். அப்படியானால், யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எப்போது பிள்ளைக்குச் சோறூட்ட எழுந்தார் என்று எவர் கேட்கப் போகிறார்? பின்னாளில் நிறுவனத்தின் கால் பங்கைத் தம் சொந்தப் பங்கிலிருந்தே பணியாளர்களுக்குக் கொடுத்தார்; அவர்களில் எழுபது பேர் கோடீசுவரர்களானார்கள். தம் உடைமைக்கு உழைப்பவருக்குக் காவற்காரர் எதற்கு? அப்பெருமாட்டி 2025இல் தமது 91ஆம் வயதில் காலமானார்.

என் மகள் நிறுவனத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். திரைப்படமெடுப்பை மூன்று மாதம் நிறுத்தி வைக்க வேண்டும். திங்கள்தோறும் வேலையும் முடிவு நாளும் எழுத்தில் உறுதியாக வேண்டும். வியாழன் பிற்பகலில் ஒரு மணி நேரம், எவரும் ஏவாத ஒன்றை அவரவர் முயன்று பார்க்கலாம். யோசனை பலித்தால் வாடிக்கையாளருக்குச் செல்லும் கடிதத்தில் யோசித்தவர் பெயரே இருக்க வேண்டும் என்று கேட்டாள். கூட்டங்களை ஜும்ஆ வேளையிலும், கோவைப் பெண்ணின் குழந்தை பள்ளியிலிருந்து திரும்பும் வேளையிலும் வைப்பதில்லை என்பது குழுவினர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு.

சகோதரிகளே, நம் பங்கும் ஒன்று உண்டு. கையைக் கட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்தபடி பிள்ளை அமர்ந்திருந்தால், "சும்மாதானே இருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்று ஏவிவிடாதீர்கள். அந்தப் பொறியாவது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கிறது!

மூன்று மாதம் பார்க்கலாம் என்று தலைவரிடமிருந்து பதில் வந்தது. இப்போது இரண்டாம் மாதம் நடக்கிறது. நெடுநாள் பேசாதிருந்த மங்களூர் இளைஞர் சென்ற வியாழனன்று இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதி அனுப்பியிருக்கிறார். அது தேறுமா தேறாதா என்று அறுவரும் இரவு வெகுநேரம் வாதாடிக்கொண்டிருந்தது கீழ்த்தளம் வரை கேட்டது.