கடுக்காய் உடைக்கும் கல்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட பிறகு, கல்வராயன் மலையின் பெயர் நாளிதழ்களில் அடிபட்டபடி இருந்தது. மலை மக்களின் நிலை குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. செய்திகளில் இருந்ததெல்லாம் சாராயம், ஊறல், கைது. “நாட்டு மருந்துக் கடைக்குக் கடுக்காயும் இந்த மலையிலிருந்துதான் இறங்குது, அதை யாரும் எழுதலையே” என்றார் கச்சிராயபாளையத்து நண்பர். அவரோடு மலையேறினேன்.

சர்க்கரை ஆலையையும் கோமுகி அணையையும் கடந்தால் வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. கார்த்திகையில் தொடங்கி மாசி, பங்குனி வரை இங்கே கடுக்காய்க் காலம். மலையாளிப் பழங்குடி ஆண்கள் மரமேறிக் கிளையை உலுக்க, பெண்களும் பிள்ளைகளும் கீழே பொறுக்குகிறார்கள். காயைப் பாறையில் பரப்பிக் கிளறிக் காயவைக்க வேண்டும். நடுவில் ஒரு மழை பிடித்தால் பூஞ்சை படர்ந்து விலை சரிந்துவிடும்.

நண்பருக்குத் தெரிந்த அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு தட்டைக்கல். பல வருடம் அடிவாங்கி அதன் நடுவில் குழி விழுந்திருந்தது. கையில் உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டைக் கல். காயைக் குழியில் நிறுத்தி, விளிம்பு பார்த்து ஒரே தட்டு. தோல் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். ஓங்கித் தட்டினால் கொட்டையும் நொறுங்கித் தோலோடு கலந்துவிடும். கடுக்காயின் கொட்டையைச் சித்த மருத்துவம் நஞ்சென்று ஒதுக்குகிறது. ஆகவே மருந்தைச் சுத்தி செய்யும் முதல் வேலை இந்தத் திண்ணையிலேயே நடந்துவிடுகிறது.

“சுத்தியல் வச்சிக்கலையாம்மா?”

“ஈரம் இருந்தா இரும்பு பட்ட எடம் கறுத்துப்போயிடும் தம்பி. கல்லுதான் சரி. மாமியா குடுத்த கல்லு இது.”

துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருமை. அன்னபேதியோடு கடுக்காயைச் சேர்த்து அந்தக் காலத்தில் மை தயாரித்ததும் இதை வைத்துத்தான். அதே துவர்ப்புக்காகத் தோல் பதனிடுவோர் கடுக்காயை வாங்கினார்கள். கலம்காரித் துணியும் கோயில் திருப்பணிச் சுண்ணாம்பும் இன்றும் அதைக் கேட்கின்றன. வெல்லத்தோடு சாராய ஊறலிலும் அதைப் போடுவதுண்டு. அதனால் மூட்டையோடு பேருந்தில் ஏறினாலே சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று அம்மா வருத்தப்பட்டார். மருந்தாகப் போகும் காய்க்கும் சேர்த்தே இந்த அவமானம்.

வீட்டில் மலச்சிக்கலுக்கு இரவில் தோல் பொடியும் வெந்நீரும், வாய்ப்புண்ணுக்குக் கஷாயக் கொப்பளிப்பு. பிள்ளைத்தாச்சிக்கு மட்டும் கொடுப்பதில்லை. ரத்த அழுத்தத்துக்கு அவர் விழுங்குவது மாத்திரை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறது. பாம்பு கடித்தால்? “பச்சிலை பாத்துக்கிட்டு ஒக்காரக் கூடாது, ஆசுபத்திரிதான்.” எதற்கு எது என்பதில் அவருக்கிருக்கும் தெளிவு, சர்க்கரை நோய்க்கு மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடி குடிக்கச் சொல்லும் காணொளிக்காரர்களிடம் இல்லை.

இந்த மக்களின் முன்னோர் ஜாகிர்தார்களுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள். 1976-இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது. காட்டின் சிறு விளைபொருள்கள் மீது பழங்குடிகளுக்குள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுதியே கொடுத்திருக்கிறது. மத்திய அரசு 2020-இல் அறிவித்த ஆதார விலைப்படி கடுக்காய் கிலோ 15 ரூபாய். நகரத்துக் கடையில் 100 கிராம் பொடியே அதைவிட விலை அதிகம்! மரமேறிய உயிர்பயமும் வெயிலில் கிளறிய உழைப்பும் அந்தப் 15-க்குள் அடங்க வேண்டும். அடை மழைக்கு முன் பணம் கொடுத்துவைக்கும் வியாபாரி, தை மாசம் தன் தராசோடு வந்து நிற்கிறார். விலையையும் அவரே சொல்கிறார். முன்பணம் வாங்கிய வீடு பேரம் பேச முடியுமா? பொறுக்குகிறவருக்குக் கூலிகூட மிஞ்சாத பண்டத்தை இயற்கை மருத்துவம் என்று பளபளப்பாக விற்பது அநியாயம்.

அம்மா கேட்டது பெரிதொன்றுமில்லை: ஊருக்கொரு சிமெண்டுக் களம், மழைக்கு மூடத் தார்ப்பாய், அரசு முத்திரையிட்ட ஒரு தராசு. காயாக விற்காமல் தோலாகவே பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொண்டால் உடைக்கிற கூலியும் மலையிலேயே தங்கும் என்று நண்பர் கணக்குச் சொன்னார். “மொதல்ல தராசு வரட்டும்” என்றார் அம்மா.