சுவரும் ஓர் ஆசான்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. சுவரை வைத்து ஆட்டமும் கற்கலாம் என்பதை நாம் உணர்ந்தது, அம்பத்தூரில் வாழ்ந்த இளமைக் காலத்திலேயாகும்.

1964-இல் தொழிற்பேட்டை தோன்றியபின் வளர்ந்த ஊர் அது. ஆலைச் சங்கொலிக்கேற்ப இரவு பகலென முறைமாறி உழைக்கும் தந்தையர்க்குப் பிள்ளைகளோடு ஆட நேரமேது? வரிப்பந்தாட்டம் எனத் தமிழில் வழங்கும் டென்னிசுக்கோ எதிரே ஒருவர் நின்றாக வேண்டும். பழைய மட்டை ஒன்று நமக்குக் கிடைத்தது, எதிராளி கிடைக்கவில்லை. அஸர் தொழுகை முடிந்ததும், தெருக்கோடியிலிருந்த ஒரு வீட்டின் சுற்றுச்சுவரை எதிராளியாக்கிக் கொண்டோம். 3 அடி உயரத்தில் கரியால் ஒரு கோடு. அதுவே நம் வலை.

அச்சுவர் கற்பித்தது மிகுதி. ஆடுகளத்தின் நீளம் 78 அடி. வலையின் இடத்தில் சுவர் இருப்பதாகக் கொண்டு 39 அடி தள்ளி நின்று அடித்தால், எதிர்முனை வரை சென்று மீளவேண்டிய பந்து பாதித் தொலைவிலேயே திரும்பிவிடும். அடுத்த அடிக்கு ஆயத்தமாகும் நேரமும் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கால் விரையும், கண் கூர்மையுறும். நேரே அடித்தால் பந்து நேரே வரும். சாய்த்து அடித்தால் மறுபுறம் விலகி ஓடும். பிழையைப் பிறர்மேல் சுமத்த அங்கே வழியில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் வெளியே வந்தார். சுண்ணாம்பு பெயர்ந்த இடங்களைக் காட்டினார். கடிந்து பேசவில்லை. “தம்பி, இது என் வீட்டுச் சுவர்” என்று மட்டும் கூறினார். அவர் கூற்று நியாயமே. அன்றோடு நம் ஆட்டம் நின்றது.

1960, 1961 ஆகிய ஈராண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி கண்ட தமிழர் இராமநாதன் கிருஷ்ணன். அவருக்குத் தந்தையே ஆசானாக வாய்த்தார், அது பெரும்பேறு. சுவீடன் நாட்டுப் பியோன் போர்கோ, சிறுவயதில் வீட்டுக் கார்க் கொட்டகையின் கதவில் பந்தடித்துப் பழகியவர். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டனில் வாகை சூடினார். எதிரே நிற்க ஆளில்லாதார்க்கு ஒரு கதவும் சுவரும் எத்துணை பெரிய துணை!

அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியாயிற்று. ஊர்கள் உயர்ந்துள்ளன. அங்கும் பூவிருந்தவல்லியிலும் உள்ள பொதுத் திடல்களில், 10 அடி உயரத்தில் ஒரு பயிற்சிச் சுவர் எழுப்புதல் பெருஞ்செலவன்று. வசதியுடையோர் கட்டணம் செலுத்திக் களத்தில் ஆடட்டும். இல்லாதார் மகனும் மகளும் எவரிடமும் இரந்து நில்லாமல் சுவரோடு ஆடட்டும்.

கிணறு வெட்டுவதையும் நிழல்மரம் நடுவதையும் ஸதகத்துல் ஜாரியா, அதாவது நிலைத்த தருமம் என்று நம் பெரியோர் போற்றுவர். பிள்ளைகளுக்கு ஒரு சுவர் எழுப்பித் தருவதும் அவ்வரிசையில் சேரத் தக்கதன்றோ? “இது என் வீட்டுச் சுவர்” என்று எவரும் சொல்லவியலாத ஒரு சுவர், ஊருக்கு ஒன்றேனும் எழட்டும்.