பூண்டிக்காரரின் வரிப்பணமும் பூட்டிய ஆராய்ச்சிக் கட்டுரையும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏரியை ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுவார்கள். மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்க்கொண்டே இருந்தால் பூண்டி வரும். சரிவெல்லாம் படிப்படியாக வயல்கள். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட்... (பூண்டியில் விளைவதால் பூண்டா என்று கேட்காதீர்கள்!) 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பூண்டிக்குப் போகும் வழியில், மன்னவனூரில், மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இருக்கிறது. இது போன்ற நிலையங்கள் நடப்பது பொதுப்பணத்தில். டீசலுக்கும் சோப்புக்கும் வரி கட்டும் பூண்டிக்காரரின் காசும் அதில் உண்டு. ஆனால் அங்கே கண்டுபிடித்ததை அவர் படிக்க முடியுமா?

இங்குதான் வேடிக்கை. விஞ்ஞானிக்குச் சம்பளம் தருவது அரசு. அவர் எழுதும் கட்டுரைக்குப் பதிப்பகம் பைசா தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் சக விஞ்ஞானிக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. பல வெளிநாட்டு இதழ்களில் உரிமையைப் பதிப்பகம் எழுதி வாங்கிக்கொண்டு, அதே கட்டுரையை அரசு நூலகத்துக்கே சந்தாவுக்கு விற்கிறது! சந்தா இல்லாதவர் ஒரு கட்டுரை படிக்க முப்பது டாலருக்கு மேல்கூடக் கேட்பார்கள். "எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும்" என்று எழுதியவர் நினைத்தால், அவரே ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட வேண்டிய இதழ்களும் உண்டு.

அரசு சும்மா இருக்கவில்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லும், மத்திய அறிவியல் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2014 டிசம்பரிலும் திறந்த அணுக்கக் கொள்கையை அறிவித்தன. இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின் ஆசிரியர் பிரதியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். செலவும் இல்லை. ஆனாலும் ஏற்றாதவர்கள் ஏராளம். வேளாண் கழகம் தன் சொந்த இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தருவதைப் பாராட்டத்தான் வேண்டும்.

2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் கல்லூரி வாசலுக்கு வெளியே நிற்பவருக்கு? கதவு திறக்கவில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் சாவி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே மலையில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்ணிமமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. 1909-ல் எவர்ஷெட் அங்கே கண்ட சூரியப்புள்ளி விளைவு இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. சூரியன் இலவசம், பூண்டுக்கு முப்பது டாலரா?

கட்டுரை கிடைத்தாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும் என்பது தனிக்கதை. பிராஜெக்டுக்காகத் தேடும் நண்பர்களுக்கு ஒன்று: கட்டுரை பூட்டியிருந்தால் அதை எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள். பலர் சந்தோஷமாக அனுப்புவார்கள்.